அங்கே அரிக்கிறது

ஏப்ரல் 3, திங்கள்

காலை ஆறு மணிக்கே வெயில் வேலைக்கு வந்துவிடுகிறது. கோவில்பட்டியில் பங்குனியிலேயே இந்தக் கதி என்றால் கத்திரியில் என்ன ஆகப்போகிறோமோ தெரியவில்லை. எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் பழசு. ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும் என்று முதலாளி தங்கத்துரை அதன் பித்தானையே கழற்றி வைத்துக்கொண்டார். ரெக்சின் இருக்கையில் மதியம் வரை உட்கார்ந்து, பழக வருகிறவர்களிடம் கிளட்சை மெதுவாக விடச் சொல்லிக்கொண்டே இருப்பது என் பிழைப்பு. என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அவர்கள் தவறினால் நான் மிதிக்க வேண்டும்.

சரி, எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். அங்கே அரிக்கிறது. எங்கே என்று எழுதக் கை வரவில்லை. தொடை மடிப்பில் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்துக்கொண்டு அங்கே எப்படிக் கையைக் கொண்டுபோவது? அதுவும் இப்போது பழக வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். வருகைப் பதிவேட்டை மடியில் வைத்து அழுத்திக்கொண்டே ஊரைச் சுற்றி வந்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்ததும் அடங்கியது. துணி மாற்றியதும் மறுபடி ஆரம்பித்தது. என்ன, நெளிந்துகொண்டே இருக்கிறீர்கள் என்று கோமு கேட்டாள். வேர்க்குரு என்றேன். கோமு என் மனைவி கோமதி. மகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஏப்ரல் 6, வியாழன்

பவுடர் கொட்டிக்கொண்டு போனேன். வேர்வையில் தோசைமாவாகிவிட்டது.

ஏப்ரல் 9, ஞாயிறு

எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை இருக்கிறது. கடைக்காரர் கோமுவுக்குச் சித்தப்பா முறை. அவரிடம் போய் எனக்கு எங்கே அரிக்கிறது என்று விளக்குவதைவிட அரித்துக்கொண்டே கிடக்கலாம். எனவே பைக்கை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஆள் தெரியாத கடையாகப் பார்த்து நின்றேன். "வாங்க மாஸ்டர்" என்று வரவேற்றார் கடைக்காரர். என்னிடம் கார் பழகிய பால்ராஜ். லைசென்ஸ் தேர்வுக்குக் கம்பங்களுக்கு நடுவே எச் போடும்போது எல்லாக் கம்பத்தையும் சாய்த்தவர்.

தலைவலி மாத்திரை கேட்டு வாங்கினேன். இருமல் மருந்து கேட்டு வாங்கினேன். கூட்டம் குறைந்த பிறகு, ஒரு நண்பருக்கு, என்று ஆரம்பித்தேன். நண்பர் யார் என்று அவர் கேட்கவில்லை. கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி, நண்பர் சமீபத்தில் வெளியூர் எங்கேயாவது போய்த் தங்கினாரா என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு ட்யூபை எடுத்து வைத்தார். மூன்று வகை மருந்து கலந்ததாம். இரண்டே நாளில் பறந்துவிடுமாம்.

வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பும் கூடவே வந்தது. வெளியூரில் போய்த் தங்கினேனாம். நான் கடைசியாக வெளியூரில் தங்கியது மகளை ஹாஸ்டலில் விடப் போனபோது. அப்போதும் கோமு பக்கத்தில் படுத்துக்கொண்டு செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 12, புதன்

பறந்தேவிட்டது. சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை. பால்ராஜ் எத்தனை கம்பத்தைச் சாய்த்தாலும் தகும்.

சந்தோஷத்தில் மல்லிகைப்பூ வாங்கிப் போனேன். கோமு அதைச் சாமிக்குப் போட்டுவிட்டு, அறையில் புழுக்கமாக இருக்கிறது என்று பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது கறுப்பில் புது அரைஞாண் கயிறு வாங்கினேன். வருடப் பிறப்புக்கு மாற்றிக்கொள்வது என் வழக்கம். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் அப்படிக் கிடையாது. புதியதைக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் பழையதில் கத்தரி வைக்க வேண்டும். இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. உயிர் போன உடம்புக்குத்தான் அரைஞாண் அறுப்பார்கள்.

கோமு இதிலெல்லாம் ரொம்பக் கறார். நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது அறைக்குள் வந்தவள், ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள். கோமு பேசாமல் போனால் சம்மதம் என்று அர்த்தம்.

பழைய கயிறு இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. புதுக் கயிறு பழகினால் சரியாகிவிடும்.

ஏப்ரல் 18, செவ்வாய்

வந்துவிட்டது. போன தடவை போல அல்ல. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்தேன். இந்த வயதில் ஒரு மனிதன் இப்படி நிற்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். வட்டமாக இருக்கிறது. ஓரம் தடித்துச் சிவந்து, நடுவில் தோல் வெளுத்து. ஒரு வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம். மறுபக்கத் தொடையிலும் ஒன்று.

கைபேசியில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. முதல் படத்திலேயே கண்ணை மூடிக்கொண்டேன். அதில் போட்டிருந்த வியாதிகளில் பாதி, ஒழுக்கம் தவறியவர்களுக்கு வருவது. மீதிப் பாதி, உயிரை எடுப்பது. எனக்கு எது என்று தெரியவில்லை. தவறு செய்யாதவனுக்கு இது எப்படி வரும்? வந்துவிட்டால், தவறு செய்யவில்லை என்று யார் நம்புவார்கள்?

கோமு இன்னும் கூடத்தில்தான் படுக்கிறாள். வெயில் என்கிறாள். அறையில் இருப்பதுதான் நல்ல மின்விசிறி. என் லுங்கியைத் துவைக்கும்போது எதையாவது பார்த்திருப்பாளோ? வேலை போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். கோமு என்னை அப்படி நினைத்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்?

ட்யூபைத் தடித்துப் பூசினேன்.

ஏப்ரல் 22, சனி

கிருமியைக் கொல்லத்தானே கிருமிநாசினி. தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் ஒரேயடியாகச் செத்துவிடும் என்று நினைத்துக் குளியலறையில் ஊற்றிக்கொண்டேன். கிருமியைப் பற்றித் தெரியாது, நான் பாதி செத்தேன். என்ன விழுந்தது என்று கோமு வெளியிலிருந்து கேட்டாள். வாளி என்றேன்.

இப்போது தோல் வெந்து, நடக்கும்போது கால்களை அகட்டி வைக்க வேண்டியிருக்கிறது. வட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

நான் வெளியே வந்ததும் கோமு உள்ளே போனாள். இப்போதெல்லாம் குளிக்க வெகுநேரம் எடுத்துக்கொள்கிறாள். அண்டா நிறைய வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து எடுத்துப் போகிறாள். சேலை கட்டுவதையும் விட்டுவிட்டாள், நாள் முழுக்க நைட்டிதான். என்னிடமிருந்து விலகுவதற்கு ஒவ்வொன்றாகத் தயார் செய்கிறாள் என்று எனக்குப் படுகிறது.

ஏப்ரல் 25, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எட்டயபுரம் ரோட்டில் ஜெசிந்தா ஓட்டிக்கொண்டிருந்தார். அரசு மருத்துவமனையில் நர்ஸ். நிதானமான பெண், கியர் மாற்றும்போது உதட்டைக் கடித்துக்கொள்வதைத் தவிரக் குறை சொல்ல முடியாது. திருப்பத்தில் எனக்கு அரிப்பு வந்தது. அரிப்பு என்றால் சும்மா இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதிவேட்டுக்கு அடியில் கையை விட்டேன். கையோடு காலும் தன்னையறியாமல் பின்னால் வந்துவிட்டது. பிரேக்கின் மேல் இருக்க வேண்டிய கால்.

கார் ஓர் இளநீர்க் குவியலின் மேல் ஏறி நின்றது. யாருக்கும் அடி இல்லை. காய்கள் ரோடு முழுக்க உருண்டன. வியாபாரி என் பரம்பரையையே விசாரித்தார். ஜெசிந்தா பதறவில்லை. என்ஜினை அணைத்தார், கைப்பிரேக்கைப் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டு வாரமா பாக்கேன் மாஸ்டர். இதுல வெக்கப்படுததுக்கு ஒண்ணுமில்ல. செவ்வாய்க்கிழமை தோல் டாக்டர் வருவாங்க. வந்து காட்டுங்க."

ரெண்டு வாரமாகப் பார்க்கிறாராம். அப்படியென்றால் பதிவேட்டை நான் மடியில் வைத்ததே வீண். பூமி பிளந்து என்னைக் காரோடு விழுங்கியிருக்கலாம்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டுச் சத்தம் போட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம்.

மே 2, செவ்வாய்

மருத்துவமனைக்குப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்து, கதவைத் தள்ளினால் உள்ளே உட்கார்ந்திருந்தது ஒரு பெண். என் மகளைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கலாம். அறை மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தேன். பிறகு இன்னொரு டீ. வரிசை முழுக்கத் தீர்ந்துபோனதும் மறுபடி போனேன். "அறை இதுதான் சார், உக்காருங்க" என்றார்.

அவருக்கு இது புதிதில்லை போலிருக்கிறது. திரைக்குப் பின்னால் பார்த்தார், கையுறையைக் கழற்றினார், கை கழுவினார், எழுத உட்கார்ந்தார். எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. டாக்டர், இது அந்த மாதிரி வியாதியா என்று கேட்டேன். எந்த மாதிரி என்றார். நான் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். அவரே புரிந்துகொண்டு, இது படர்தாமரை, பூஞ்சையால் வருவது, வேர்வையும் ஈரமும் இறுக்கமான துணியும் இருந்தால் யாருக்கும் வரும் என்றார். நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். படர்தாமரை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் வருவது. இதற்கா நான் இத்தனை நாள் செத்துப் பிழைத்தேன்?

பால்ராஜ் கொடுத்த ட்யூபை நீட்டினேன். அதைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதாம். அரிப்பை அமுக்கிவிடும், ஆனால் அடியில் பூஞ்சையை வளர்த்துவிடும், தோலையும் மெலிதாக்கும் என்றார். குணமானது போலத் தெரிந்து இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது அதனால்தான். அதைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு வேறு களிம்பும் மாத்திரையும் எழுதினார். வட்டத்துக்கு வெளியிலும் இரண்டு விரல் தள்ளிப் பூச வேண்டும். மறைந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தக் கூடாது, அவர் சொல்லும்வரை பூச வேண்டும். குளித்தபின் நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். பருத்தியில் தளர்வான உள்ளாடை. தனித் துண்டு. துணியை நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். கிருமிநாசினி பற்றி நானாகச் சொல்லவில்லை, அவரே தோலைப் பார்த்துக் கண்டுபிடித்துத் திட்டினார்.

வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். சட்டென்று சொல்லிவிட்டேன்.

எழுந்திருக்கும்போது என் இடுப்பைக் காட்டினார்.

"இந்தக் கயித்தக் கழட்டிருங்க. எப்பவும் ஈரமா இருக்கு, அதுக்கடியிலதான் வரிசையா வந்திருக்கு. இது இருக்கிற வரைக்கும் மருந்து முழுசாக் கேக்காது."

சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன். என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள் டாக்டர், என்றேன். ரொம்ப நம்பிக்கை உள்ளவள். அப்படியானால் அவரையும் கூட்டி வாருங்கள், நான் பேசுகிறேன் என்றார்.

மே 4, வியாழன்

கத்திரி ஆரம்பித்துவிட்டது. டாக்டர் சொன்னது ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்கிறேன். கயிறு மட்டும் பாக்கி. அது என் கையில் இல்லை, கோமு இருக்கிறாள்.

அப்பா இறந்தபோது மூத்த பிள்ளை என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். சுடுகாட்டில் சிதையில் வைத்த பிறகு, அரைஞாணை அறுத்துவிடுப்பா என்று கத்தியைக் கையில் கொடுத்தார்கள். குளிப்பாட்டிய ஈரத்தில் கயிறு ஊறிப்போயிருந்தது. ஒரே இழுப்பில் அறுபடவில்லை. அறுக்க அறுக்க அப்பாவின் இடுப்பு அசைந்தது. அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தொன்று. எனக்கு வருகிற ஆனியில் ஐம்பத்தொன்று. சும்மா ஞாபகம் வந்தது, எழுதி வைக்கிறேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கோமுவுக்காகத்தான் பார்க்கிறேன்.

மே 7, ஞாயிறு

எங்கள் பக்கத்தில் உள்ளாடையை யாரும் வெளியில் தெரியக் காயப்போடுவதில்லை. துண்டுக்கு அடியில் போடுவோம், இல்லாவிட்டால் குளியலறைக் கொடியிலேயே. இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் எங்கள் வீட்டு உள்ளாடைகள் சூரியனைப் பார்த்ததில்லை. இன்று துணிந்து மொட்டைமாடியில் போட்டேன். மேல்வீட்டு அம்மா வற்றல் எடுக்க வந்து, பார்த்து, வற்றல் எடுக்காமலேயே இறங்கிப்போனார்.

மத்தியானம் கோமு மாடிக்குப் போனாள். கழற்றிக்கொண்டு வந்து திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வெயிலில் போட யார் சொன்னது என்று மட்டும் கேட்டாள். பேப்பரில் போட்டிருந்தார்கள் என்றேன். சாயங்காலம் எடுக்கப் போனால் என் துணிக்குப் பக்கத்தில் அவளுடையதும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. என்னைக் கேலி செய்கிறாள்.

மே 10, புதன்

தொடையில் நன்றாகக் குறைந்திருக்கிறது. இன்று பதிவேட்டை இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டே ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன்.

இடுப்பில் மட்டும் அப்படியே.

மே 13, சனி

களிம்பு சீக்கிரம் தீர்கிறது. முகச்சவரப் பெட்டிக்குள்தான் ஒளித்து வைத்திருக்கிறேன். நேற்றுப் பிதுக்கி மடித்து வைத்த இடத்துக்கும் இன்றைக்கும் ஒரு விரல் வித்தியாசம். இந்த வெயிலுக்கு உள்ளேயே உருகி வற்றிவிடுகிறது போல. பித்தளையாய் இருந்தாலும் உருகும் வெயில்.

மே 16, செவ்வாய்

இரண்டாம் முறை போய்க் காட்டினேன். டாக்டருக்குத் தொடையைப் பார்த்துத் திருப்தி. இடுப்பைப் பார்த்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். கயிறு இன்னும் இருக்கிறதே என்றார். என் மனைவி அழுகிறாள் டாக்டர், என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்துவிட்டது. மாத்திரையை இப்படியே நீட்டிக்கொண்டு போக முடியாது, அடுத்த தடவை மனைவி இல்லாமல் வராதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியே வரும்போது ஜெசிந்தா எதிர்ப்பட்டு, தேவலையா மாஸ்டர் என்று கேட்டார். தேவலை என்றேன்.

கோமுவிடம் எப்படிச் சொல்வது? படர்தாமரை என்றால் நம்புவாளா? எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்பாள். அதற்கு மேல் கயிற்றையும் அறுக்க வேண்டும் என்றால் அவளுக்கு உயிரே போய்விடும்.

மே 20, சனி

கயிற்றை அறுக்காமல் சமாளிக்க வழி தேடினேன். முதலில் அதன் மேலேயே களிம்பைத் தடவினேன். கயிறு வழுவழுவென்று ஆனதுதான் மிச்சம். பிறகு ஒவ்வொரு தடவை குளித்தபின்னும் கோமுவின் முடி உலர்த்தும் கருவியை இடுப்பில் காட்டினேன். அரிப்பு இன்னும் கிளம்பியது. பிறகு கயிற்றை மேலே ஏற்றி நெஞ்சுக்குக் கீழே நிறுத்திவைத்தேன். மூச்சு விட்டால் இறுக்கியது, கிளட்சை மிதித்தால் தொப்பென்று பழைய இடத்துக்கே வந்தது.

இடுப்பில் இரண்டு இடத்தில் நீர் கசிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. கயிற்றைப் பற்றிய பயம் இல்லை, புண்ணைப் பற்றியது.

மே 24, புதன்

சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் என் ட்யூப். ஒட்ட மடித்து, சுருட்டி, பிதுக்க இனி ஒன்றுமில்லாமல்.

"இது தீந்துபோச்சு. அடுத்தது எப்ப வாங்குவீங்க?"

எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. கோபமாக இல்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டாள். பங்குனியிலிருந்தே தனக்கும் இருக்கிறது என்றாள். வேப்பிலை, மஞ்சள், எல்லாம் போட்டுப் பார்த்தாளாம். என் பெட்டியில் ட்யூபைப் பார்த்து, அட்டையில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்து, எனக்குத் தெரியாமல் எடுத்துப் பூச ஆரம்பித்தாளாம். எனக்கு ஒட்டிவிடக் கூடாது என்றுதான் கூடத்துக்குப் போனாளாம். அப்புறம் எனக்கும் இருக்கிறது என்று தெரிந்ததும், தன்னிடமிருந்துதான் வந்தது என்று நான் கண்டுபிடித்துவிடுவேனோ, கண்டுபிடித்தால் தன்னைப் பற்றி என்ன நினைப்பேனோ என்று பயந்தே கிடந்தாளாம்.

கோமு என்னைச் சந்தேகப்படவில்லை. என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. சிரித்தேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள். இது வெறும் படர்தாமரைதான், பெண் டாக்டர்தான், செவ்வாய்க்கிழமை கூட்டிப் போகிறேன் என்றேன். பெண் டாக்டர் என்றதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருந்தது. இன்று நன்றாகத் தூங்குவேன்.

கயிற்றைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. டாக்டரே பேசிக்கொள்ளட்டும்.

மே 30, செவ்வாய்

டாக்டர் கோமுவைத் திரைக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்தார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும், ஒருவர் எடுத்து ஒருவர் விட்டால் மாறி மாறி ஒட்டிக்கொண்டே இருக்கும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஆராய்ச்சி வேண்டாம் என்றார். துண்டு, சோப்பு, போர்வை எல்லாம் தனித்தனி. அடுத்தவர் களிம்பை எடுத்துப் பூசியதற்குக் கோமுவுக்குத் திட்டு விழுந்தது. எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவர் கோமுவின் பக்கம் திரும்பினார்.

"இவர் இடுப்புல இருக்க கயித்த நீங்கதான் கழட்ட விடமாட்டேங்கீங்களாமே அம்மா. அழுதீங்களாமே."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமு என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"ஆமா டாக்டர்" என்றாள். "எனக்குத்தான் கொஞ்சம் பயம். இன்னைக்கே கழட்டிருதோம்."

வீட்டுக்குள் வந்து மருந்துப்பையை மேசையில் வைத்த பிறகுதான் கேட்டாள்.

"நான் என்னைக்காவது கழட்டாதீங்கன்னு சொல்லியிருக்கனா? எதுக்கு என் பேரச் சொன்னீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. கயிற்றைப் பற்றி அவள் பேசியதே இல்லை. எல்லாம் நானே சொல்லி, நானே கேட்டு, நானே எழுதிவைத்தது. எனக்குப் பயமாக இருக்கிறது கோமு, என்றேன். சுடுகாட்டில் அறுபடாத ஈரக் கயிறு, அசைந்த இடுப்பு, அப்பாவின் வயது, வரப்போகிற ஆனி, எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதை அவளிடம் சொன்னதில்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

"செத்தவங்களுக்குப் பிள்ளதான அறுக்கும்? பொண்டாட்டி அறுத்ததா எங்கயாவது கேட்டிருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப இது அது இல்ல. சட்டையத் தூக்குங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். இரும்பு இடுப்பில் சில்லென்று பட்டது. ஒரே வெட்டுதான். கயிறு நழுவிக் காலடியில் விழுந்தது. இடுப்பு வெறுமையாக இருந்தது. மூச்சு போய்வந்துகொண்டிருந்தது. கோமு துண்டால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, புது ட்யூபைத் திறந்து சுற்றிலும் பூசிவிட்டாள். அவள் கை என் மேல் பட்டு இரண்டு மாதம் ஆகிறது. நான் அழுதேன். நெருப்பு மாதிரி எரிகிறது என்று சொல்லிவைத்தேன், அவளும் ஆமாம் எரியும் என்றாள்.

பிறகுதான் உனக்கு எங்கே என்று கேட்டேன். இத்தனை நாளில் இதை நான் கேட்கவே இல்லை.

கோமு ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக இன்று சேலை கட்டியிருந்தாள். முதுகைக் காட்டித் திரும்பி நின்று பாவாடை நாடாவைத் தளர்த்தினாள். நாடா இறுக்கும் இடத்தில் இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்து, தடித்து, வெடித்திருந்தது. நகம் பட்ட இடங்களில் ரத்தம் காய்ந்திருந்தது. என்னுடையது இதில் கால்வாசி இருக்காது. இதை வைத்துக்கொண்டுதான் அடுப்படியில் நின்றிருக்கிறாள், குனிந்து என் துணியைத் துவைத்திருக்கிறாள். நான் தினமும் கண்ணாடியைப் பிடித்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்துப்பையிலிருந்து அவளுடைய ட்யூபை எடுத்துக்கொண்டேன். சிவந்த ஓரத்துக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி, மெதுவாகப் பூச ஆரம்பித்தேன். எரிகிறதா என்று கேட்டேன். எரிகிறது என்றாள். கையை எடுக்கவேண்டாம் என்றும் சொன்னாள்.